இண்டிகேட்டருக்கு என்ன சொல்: ‘ஏவல்சொல்’லா, ‘உருபா’?

வணக்கம்.

கிரிப்டிக் குறுக்கெழுத்தை (ஒவ்வொரு குறிப்பிலும் விடையின் பொருளும், விடையின் எழுத்துகளைக் கட்டித்தரும் ஒரு சொல் விளையாட்டும் சேர்ந்தே இருக்கும் புதிரை) விளக்கும் கையேட்டுக்கான சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல் இன்னும் இடிக்கிறது. டெஃபினிஷனுக்குப் ‘பொருள்’, வேர்ட்பிளேக்குச் ‘சொல்லாட்டம்’, குறிப்பை அப்படியே படித்தால் தோன்றும் காட்சிக்கு ‘மேற்பொருள்’ என்று வைத்தாயிற்று. கலைக்கப்படும் எழுத்துகளை ஆங்கிலப் புதிர்க்காரர்கள் ‘தீனி’ என்கிறார்கள். நமக்கு ‘மூலம்’ போதும். பிடிபடாமல் நிற்பது இண்டிகேட்டர், அதாவது மூலத்தை என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் பகுதி.

பல வில் முறிந்ததும் பாட்டின் தொடக்கம் (4)

இதில் ‘பாட்டின் தொடக்கம்’ பொருள். ‘பல வில்’ மூலம்: ப, ல, வி, ல் என்று நான்கு எழுத்து, நான்கு கட்டம். ‘முறிந்ததும்’ அவற்றைக் கலைக்கச் சொல்கிறது. விடை பல்லவி. இந்த ‘முறிந்ததும்’ போன்றவற்றுக்குத்தான் பெயர் வேண்டும்.

‘சுட்டி’ சரிவராது. கணினித் தமிழில் மவுசுக்கும் இணைப்புக்கும் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறோம். ‘குறிகாட்டி’ என்றால் பொருளாதாரப் பக்கம் நினைவுக்கு வருகிறது. தவிர, ‘குறிப்பில் உள்ள குறிகாட்டி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘இதைச் செய்’ என்று ஏவுவதால் என் பரிந்துரை ‘ஏவல்சொல்’.

* * *

> என் பரிந்துரை ‘ஏவல்சொல்’

இரண்டு தடைகள் தெரிகின்றன, ஐயா.

முதலாவது, இலக்கணத்தில் ஏவல் என்பதற்கு வேறு வேலை இருக்கிறது. இந்தக் குறிப்பைப் பாருங்கள்:

சிவா, திரும்பி வந்து படி (2)

சிவாவைத் திருப்பினால் வாசி. ‘படி’ பொருள். திருப்பச் சொல்வது ‘திரும்பி வந்து’. ‘இதில் ஏவல்சொல் எது?’ என்று புதிதாகப் பழகுபவரைக் கேட்டால், பள்ளியில் இலக்கணம் ஒழுங்காகப் படித்தவர் ‘படி’யைத்தான் தொடுவார். நன்றாகப் படித்தவரைத் தப்பாகப் போகவைக்கும் கலைச்சொல் நமக்கு எதற்கு? (இந்த வகை தமிழில் அரிது என்பதைக் கையேட்டில் ஓரிடத்தில் சொல்லிவிடுங்கள். மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ஆகவே ம், ன், ல் என்று முடிகிற சொல் எதையும் திருப்பிப் புதுச்சொல் ஆக்க முடியாது.)

இரண்டாவது தடை பெரிது. அது எப்போதும் ஒரு சொல்லாக இருப்பதில்லை.

சமயத்தில் முடிவில்லாத ரகம் பச்சைக்கல் (5)

மேலோட்டமாகப் படித்தால் ‘சில வேளைகளில்’ என்று கேட்கிறது. பொறி அங்கேதான். பிரிக்கும் முறை: பச்சைக்கல் பொருள். சமயம் என்றால் மதம். ‘ரகம்’ முடிவில்லாமல் நின்றால் ‘ரக’. அந்த ‘ரக’வை ‘மதம்’ என்பதற்குள் வைத்தால் ம-ரக-தம், மரகதம். ஒன்றை இன்னொன்றுக்குள் வை என்று சொன்னது எது? ‘சமயத்தில்’ என்பதன் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘இல்’. அது சொல் இல்லை. ‘ஏவல்சொல்லைக் கண்டுபிடி’ என்று சொல்லிக்கொடுத்தால், வார்த்தை வார்த்தையாகத் தேடிக்கொண்டே இருப்பார்கள். ‘இல்’ கண்ணில் படவே படாது. கடினமான குறிப்பில் மாட்டிக்கொண்டு நிற்கும் இடங்களில் பாதி இப்படிப்பட்டவைதான்.

சொல்லாகவும் வரும், ஒட்டாகவும் வரும் ஒன்றுக்கு ‘-சொல்’ என்று முடியும் பெயர் ஆகாது.

* * *

> சொல்லாகவும் வரும், ஒட்டாகவும் வரும் ஒன்றுக்கு

அப்படி ஒன்றுக்குத் தமிழில் பெயர் இருக்கிறதே. உருபு.

ஐ, ஆல், கு, இன், அது, கண் ஆகியவை வேற்றுமை உருபுகள்; ஒட்டி வருபவை. போல, ஒப்ப, புரைய ஆகியவை உவம உருபுகள், தனிச்சொற்கள். இரண்டையும் உருபு என்றுதான் இலக்கணம் சொல்லிவந்திருக்கிறது. இரண்டு பகுதிகளுக்கு நடுவே என்ன உறவு என்று காட்டுவதே இவற்றின் வேலை. நம் இண்டிகேட்டரும் அதைத்தான் செய்கிறது. ஆகவே கலைப்புருபு (முறிந்து, குழம்பி, கலைந்து), கரப்புருபு (ஒளிந்து, மறைத்த), அடைப்புருபு (உள்ளே, இல், சூழ்ந்த), திருப்புருபு, நீக்கவுருபு. மரகதக் குறிப்பில் ‘இல்’ அடைப்புருபு, ‘முடிவில்லாத’ நீக்கவுருபு.

இந்தப் பெயர் விடை தேடுவதற்கும் உதவும். வேற்றுமை உருபு தனக்கு முன்னால் இருப்பதோடுதான் ஒட்டும். வினையெச்சமாக வரும் கலைப்புருபும் பெரும்பாலும் தனக்கு முன்னால் உள்ள மூலத்தையே கலைக்கும்: ‘பல வில் முறிந்ததும்’. பெயரெச்சம் வந்தால்தான் தொல்லை, ஏனென்றால் அது இரண்டு பக்கமும் பார்க்கும். ‘பல வில் முறிந்த பாட்டுத் தொடக்கம்’ என்று எழுதியிருந்தால், முறிந்தது வில்லா, பாட்டா? எழுத்தை எண்ணிப் பாருங்கள். அடைப்புக்குறிக்குள் 4 இருக்கிறது. ‘பாட்டு’ 3, ‘தொடக்கம்’ 5. ‘பல வில்’ மட்டுமே 4. கலைப்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் எண்ணிக்கை, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

கலைத்துப் பார்ப்பதிலும் தமிழ் கை கொடுக்கிறது. ப, ல, வி, ல் நான்கையும் 24 விதமாக அடுக்கலாம். ‘ல்’ முதலில் வராது. ‘ல’வும் இரவல் சொல்லாக இல்லாவிட்டால் முதலில் வராது. மிச்சம் 12. குறுக்கே வரும் விடையிலிருந்து முதல் கட்டம் ‘ப’ என்று தெரிந்துவிட்டால் 6. அதையும் எழுதிப் பார்க்கத் தேவையில்லை. ‘ல்’லுக்குப் பின்னால் எந்த எழுத்து நிற்கும் என்று கேட்டாலே ‘ல்ல’ கண்ணுக்கு வந்துவிடும்.

* * *

உருபு என்ற பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மூன்று கேள்விகள்.

மொழியியலில் மார்ஃபீமுக்கு, அதாவது பொருள் தரும் மிகச் சிறிய மொழிக்கூறுக்கு, ‘உருபன்’ என்கிறோம். உருபு, உருபன் இரண்டும் குழம்பாதா?

மரகதக் குறிப்பில் ‘இல்’ இலக்கணப்படியே வேற்றுமை உருபு. புதிரிலும் உருபு என்றால், ‘எந்த உருபைச் சொல்கிறீர்கள்?’ என்று கேட்கமாட்டார்களா?

மூன்றாவது கேள்வி நடைமுறை பற்றியது. அதிகம் தகராறு வருவது கரப்பில், அங்கே உருபு சரியாக இருந்தும் குறிப்பு கெட்டுப்போகிறது. மரபு என்ற விடையை ஒளித்துவைக்க ‘அமர’, ‘புதியவர்’ இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் ம, ர, பு வரிசையாகக் கிடைக்கும். ஆனால் தமிழ் ஒழுங்காக எழுதினால் ‘அமரப் புதியவர்’ என்று ஒற்று மிகும். ஒளிந்திருப்பது இப்போது ‘மரப்பு’. ஒற்றை விட்டால் பிழை, போட்டால் விடை போச்சு. அமைப்பவர் ஒற்றை விழுங்கிவிட்டுப் ‘புதிர்தானே’ என்று சொல்வதை ஏற்கமுடியாது. சிமெனிஸ் என்ற புனைபெயரில் புதிர் அமைத்த டெரிக் சாமர்செட் மக்நட்டின் வழிவந்தவர்கள் கேட்பது மூன்றே மூன்று: துல்லியமான பொருள், நேர்மையான சொல்லாட்டம், இவை தவிர வேறொன்றும் இல்லாமை. தமிழில் நாலாவதாகச் சந்தியையும் சேர்க்கவேண்டும்.

* * *

கடைசியிலிருந்து வருகிறேன்.

சந்திக்குத் தீர்வு காற்புள்ளி. நிறுத்தம் வந்தால் ஒற்று மிகவேண்டியதில்லை:

அமர, புதியவருக்குள் ஒளிந்திருந்தது பழைய வழக்கம் (3)

‘ஒளிந்திருந்தது’ கரப்புருபு, ‘பழைய வழக்கம்’ பொருள். இலக்கணமும் தப்பித்தது, மரபும் தப்பித்தது. காற்புள்ளி உதவாத இடத்தில், இரண்டாவது சொல் வல்லினத்தில் தொடங்காதபடி பார்த்துக்கொள்ளலாம், அல்லது மிகும் ஒற்றையும் விடையில் ஓர் எழுத்தாகக் கணக்கில் எடுத்தே அமைக்கலாம்.

சாரியையும் இதே மாதிரிதான். ‘மதத்தில் முடிவில்லாத ரகம்’ என்று எழுதியிருந்தால் ‘மதம்’ என்பதன் ம் போய் ‘அத்து’ வந்து உட்கார்ந்திருக்கும். கண்ணெதிரே இல்லாத எழுத்தை எடுக்கச் சொல்வது அழகில்லை. ‘சமயத்தில்’ என்று இணைச்சொல்லைப் போட்டதால் அந்தச் சிக்கல் எழவே இல்லை. கலைப்பிலும் கரப்பிலும் மூலம் எழுத்துக்கு எழுத்து அப்படியே கண்முன் நிற்கவேண்டும். ‘பல வில்லை முறித்து’ என்று ஐ சேர்த்தால் ஐந்து எழுத்து, குறிப்பு பாழ்.

இரண்டாவது கேள்விக்கு: மேற்பொருளில் ‘சமயத்தில்’ என்பது ‘எப்போதாவது’. சொல்லாட்டத்தில் அது சமயம் + இல். அந்த ‘இல்’ வேற்றுமை உருபாக விழித்துக்கொள்ளும் இடத்தில்தான் புதிரும் அவிழ்கிறது. இரண்டும் ஒரே பெயரில் இருப்பது நல்லதுதான். உருபன் பற்றி எனக்குக் கவலை இல்லை. மொழியியல் கட்டுரையையும் குறுக்கெழுத்தையும் ஒரே மூச்சில் படிப்பவர் தாமே பிரித்துக்கொள்வார்.

உருபு என்று வைத்தால் இன்னொன்றும் கூடவே கிடைக்கிறது. துண்டுகளை வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் வகையில் (ஆங்கிலத்தில் ஷரேடு) இண்டிகேட்டரே கிடையாது. உருபு மறைந்து நின்றால் நம் இலக்கணத்தில் அதற்குப் பெயர் தொகை.

அரசன் நகரம் வாசலில் உயர்ந்து நிற்பது (4)

அரசன் = கோ, நகரம் = புரம், கோபுரம். மேற்பொருளில் ‘அரசன் நகரம்’ ஆறாம் வேற்றுமைத்தொகை: அரசனது நகரம். சொல்லாட்டத்திலும் தொகைதான்: அரசனுக்குப் பின் நகரம். ஷரேடுக்கு வேறு பெயர் தேடாமல் ‘தொகைக்குறிப்பு’ என்றே சொல்லிவிடலாம்.

வகைப்பெயர்களில் கரப்பு என்பது புதிதும் இல்லை. தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது எழுத்து விளையாட்டுச் செய்யுள்களில், காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும் இருக்கின்றன. எழுத்தை உதிர்ப்பதற்கு அங்கே அக்கரச்சுதகம் என்று பெயர். அதை யாரும் வாயால் சொல்லப்போவதில்லை, நீக்கமே இருக்கட்டும். ஆனால் மாத்திரைச் சுருக்கத்தை விடவேண்டாம். ‘கால் குறுகினால் பாறைத்துண்டு (2)’, விடை கல். நெடிலைக் குறிலாக்கும் இந்த விளையாட்டு தமிழுக்கு இயல்பாக வருவது. ‘குறுகினால்’ சுருக்கவுருபு.

* * *

உருபுக்கே என் வாக்கும். ஷரேடுக்குத் தொகைக்குறிப்பு, சரி.

தொகைக்குறிப்புக்கு இன்னோர் எடுத்துக்காட்டாகக் கையேட்டு வரைவில் ‘கொடு மான் குளத்தில் பூக்கும் (3)’ என்று இருக்கிறது. தா + மரை, தாமரை. மரை மான்வகை, அதில் பிழையில்லை. ‘கொடு’ என்பதற்குத் ‘தா’ என்பதுதான் உறுத்துகிறது. ஈ என்பது தாழ்ந்தவன் கேட்பது, தா ஒத்தவன் கேட்பது, கொடு உயர்ந்தவன் கேட்பது என்று தொல்காப்பியம் மூன்றையும் பிரித்துவைத்திருக்கிறது. இன்றைய வழக்கில் ஒன்றுதான் என்றாலும், துல்லியம் வேண்டும் என்று இவ்வளவு பேசிவிட்டு இதை விட்டுவிட்டால் யாராவது பிடித்துக்கொள்வார்கள். பொருள்பகுதியும் ‘பூக்கும்’ என்று வினைமுற்றாக நிற்கிறது, விடை பெயர்ச்சொல். ‘நண்பனிடம் கேள் மான் குளத்தில் பூப்பது (3)’ என்று மாற்றலாமா?