கொரோலா 121: ஹீற்றர் இடப்பக்கம் சூடு, வலப்பக்கம் பச்சைக் காற்று

கிளிநொச்சிக்காரன்:
அண்ணாமார், எங்கட கொரோலா 121 பெற்றோல். கிளிநொச்சியில் ஹீற்றர் குமிழை யார் திருப்புவது, அதனால் எப்போதிருந்து இப்படியென்று தெரியாது. மார்கழி லீவுக்கு நுவரெலியா போனபோதுதான் பிடிபட்டது. இறம்பொடை ஏற்றத்தில் ஓரளவு சூடு வந்தது, மேலே போய் ஸ்ராட்டில் விட்டுக்கொண்டு நின்றால் ஒன்றுமில்லை. அதுவும் இடப்பக்கம்தான் சூடு, ஓட்டுகிற என் பக்கம் பச்சைக் காற்று. கண்ணாடி புகாரடித்து மகள் துணியால் துடைத்துக்கொண்டே வந்தாள். இங்கே ஒரு கராஜில் ஹீற்றர் கோர் (சுடுதண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்குகிற சின்ன றேடியேற்றர்) போய்விட்டது, டாஷ்போர்ட் முழுக்கக் கழற்ற வேணும் என்கிறார்கள். ஏசி நல்ல குளிர், எஞ்சின் ஒருநாளும் சூடேறினதில்லை. கழற்றத்தான் வேணுமோ?

வவுனியா மணி:
டாஷ்போர்டில் கை வைக்க விடாதீர்கள், அதற்கு முன்னால் பார்க்க எவ்வளவோ இருக்கு. விடிய எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீர் கழுத்துவரை நிற்கிறதா பாருங்கள், பக்கத்து ராங்கைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது நிரம்பியிருக்க உள்ளே குறைந்திருக்கலாம். குறைந்தால் ஹீற்றர் கோருக்குள் காற்று நிற்கும், றேஸ் பண்ணினால் சூடு, ஸ்லோவில் குளிர், நீங்கள் சொன்ன கதை அதேதான். அப்புறம் எஞ்சின் சூடான பிறகு, பொனற்றுக்குள் பின்சுவரில் நுழைகிற இரண்டு ஹோஸையும் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சுட மற்றது இளஞ்சூடென்றால் கோரில் ஓட்டம் குறைவு. இரண்டுமே இளஞ்சூடு என்றால் தண்ணீர் குறைவு, அல்லது தேர்மோஸ்ரற் (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாத வால்வு) பிழை. இரண்டும் நல்லாச் சுட்டும் காற்று குளிர் என்றால் உள்ளே சூட்டுக் காற்றுக்கும் குளிர் காற்றுக்கும் தட்டைத் திருப்புகிற கேபிள் பிழை.

மாங்குளத்தான்:
"ஒருநாளும் சூடேறினதில்லை" என்பதுதான் எனக்கு இடிக்குது. நம்ம பக்கம் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, இனி வண்டி சூடேறாது என்று அனுப்புகிற பழக்கம் இருக்கு. அது 80 பாகைக்குப் பக்கத்தில்தான் திறக்க வேண்டியது. அது இல்லாவிட்டால் ஏ9-இல் ஓட ஓட ஊசி கீழே போகும், முறிகண்டியில் தேங்காய் உடைக்க நிற்பாட்டுவீர்கள்தானே, எஞ்சினை நிற்பாட்டாமல் அப்போது பாருங்கள், மெல்ல ஏறும். பெற்றோல் செலவும் கூடும், எஞ்சினும் தேயும், ஹீற்றர் இல்லாத ஊரில் அதை யார் கவனிக்கிறது.

கிளிநொச்சிக்காரன்:
மணி அண்ணை, பார்த்தேன். ராங் நிரம்பியிருக்கு, றேடியேற்றரில் இரண்டு விரல் குறைவு, தண்ணீர் செம்மண் நிறம். ஒரு ஹோஸ் சுடுகிறது, மற்றது இளஞ்சூடு. மாங்குளத்தார் சொன்னபடி ஊசியும் ஓட்டத்தில் இறங்குது. முன்சீற் காலடி காய்ந்துதான் இருக்கு.

வவுனியா மணி:
காலடி ஈரமாகி இனிப்பு மணம் அடித்தால்தான் கோர் ஒழுகுது, அப்போது டாஷ்போர்ட் கழற்றத்தான் வேணும். உங்களுடையது அடைப்பு. கேத்திலுக்குள் வெள்ளையாகப் படியுற கிணற்றுத் தண்ணீரைத்தான் இவ்வளவு காலமும் ஊற்றியிருக்கிறீர்கள் போல. இரண்டு ஹோஸையும் கழற்றி, கோரில் தண்ணீர் வெளியேறுகிற வாயால் தோட்டக் குழாயை மெதுவாக விட்டுத் தெளியும்வரை அலசச் சொல்லுங்கள். வண்டி கழுவுகிற பிறஷர் மெசின் கிட்டவும் வரக்கூடாது, கோர் பிளந்துவிடும்.

மாங்குளத்தான்:
அதோடு தேர்மோஸ்ரற் போட்டு, கூலன்ற் விடும்போது ஹீற்றரைச் சூட்டுப் பக்கம் முழுக்கத் திருப்பி, வண்டியின் மூக்கு மேட்டில் நிற்க மூடியைத் திறந்தபடி ஸ்ராட்டில் விடுங்கள், குமிழி நிற்கும்வரை. மூடியையும் மாற்றுங்கள், றப்பர் வெடித்திருக்கும். ராங் நிரம்பியிருக்க றேடியேற்றர் குறைவது பெரும்பாலும் அதால்தான், ஆறும்போது திருப்பி இழுக்க வேண்டிய தண்ணீருக்குப் பதிலாகக் காற்றை இழுக்கும்.

கிளிநொச்சிக்காரன்:
மூடி றப்பர் நடுவால் பிளந்திருக்கு. நாளைக்கு வவுனியா வருகிறேன், மணி அண்ணை, கடை ஞாயிறு திறப்பினமோ?