புதுப்பிப்பு: தம்பி வந்துவிட்டான்

இங்கிலாந்தில் இரண்டாவது பிரசவத்துக்கு மிட்வைஃப் (கர்ப்பத்தையும் பிரசவத்தையும் கவனிக்கும் பேறுகால நிபுணர்) சந்திப்புகள் ஏன் குறைவு, அம்மா ஊரிலிருந்து வர முடியாதபோது மூத்தவளை எப்படிச் சமாளிப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மகன் பிறந்துவிட்டான், இருவரும் நலம்.

சந்திப்பு குறைவது முறைதானாம். சிக்கல் இல்லாத முதல் கர்ப்பத்துக்கு 10, அடுத்ததற்கு 7 என்பது வழிகாட்டுதல். இரத்த அழுத்தமும் சிறுநீரும் ஒவ்வொரு தடவையும் பார்த்தார்கள், எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாவது வேகமாக வரும் என்று ஓர் அக்கா எழுதியிருந்தீர்களே, அப்படியே நடந்தது. வலிக்கு கேஸ் அண்ட் ஏர் (மூச்சில் இழுக்கும் வலி குறைக்கும் வாயு) மட்டும்தான், வலி ஊசிக்கெல்லாம் நேரமே இல்லை.

ஐந்தாம் நாள் பரிசோதனைக்காகக் குழந்தையின் குதிகாலில் இரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த மிட்வைஃப்தான் மகளை வசப்படுத்தியவர். தம்பியின் காலுறையைக் கழற்றும் வேலையை அவளிடமே கொடுத்தார். எடை சற்றுக் குறைந்திருந்தது; முதல் நாட்களில் அது இயல்பு என்றாலும், அவன் பால் குடிப்பதை உட்கார்ந்து பார்த்து, வாயை நன்றாக அகலத் திறந்த பிறகு மார்பில் சேர்க்கச் சொன்னார். அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. (அம்மாவின் வீடியோ கால் மேற்பார்வை!) அதன் செய்முறையையும் கேட்டுவிட்டுத்தான் போனார்.

மகள் மறுபடி ஊட்டிவிடச் சொல்கிறாள். சரி, ஊட்டுகிறேன்.

இனி ஹெல்த் விசிட்டர் (குழந்தையின் வளர்ச்சியைக் கவனிக்கும் செவிலியர்) பொறுப்பு. பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயர் இன்னும் முடிவாகவில்லை, மாமியார் ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறார்.