வேளாண்மையும் வாவி மீனும் உள்ள ஊரில் பிள்ளைகளின் நிறை ஏன் ஏறவில்லை?

கேள்வி: படுவான்கரை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, பட்டிப்பளைப் பக்கத்துக் கிராமமொன்றில் பதினொரு வருடங்களாக முன்பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். கடந்த மாதம் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வந்து பிள்ளைகளை நிறுத்து, உயரமும் அளந்தார். 23 பேரில் 9 பேருடைய நிறை, சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் வயதுக்கேற்ற நிறையில்லாததைக் காட்டும் செம்மஞ்சள் பகுதிக்குள் விழுந்திருந்தது. அன்றிலிருந்து மனம் அமைதியாக இல்லை.

எங்கள் ஊர் பஞ்சம் பிடித்த ஊரல்ல. சுற்றிவர வயல். குளத்து மீனும் வாவி மீனும் காலையில் சைக்கிளில் வாசலுக்கு வருகின்றன. எருமைத் தயிர் சட்டி சட்டியாக இங்கிருந்துதான் ஆற்றைக் கடந்து நகருக்குப் போகிறது. முருங்கை நிற்காத வளவு அரிது. தாய்மாரிடம் சத்துணவு பற்றிக் கேட்டால், கிளினிக்கில் சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் ஒப்புவிக்கிறார்கள். கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா சத்துமாவும் வாங்குகிறார்கள். ஆனாலும் பிள்ளைகள் முன்பள்ளிக்குக் கொண்டுவருவது பிஸ்கட் பக்கட்டைத்தான். "சோறு தின்கிறானில்லை மிஸ்" என்பதே எல்லா வீடுகளிலிருந்தும் எனக்குக் கிடைக்கும் பதில்.

தெரியாததனால் வந்த குறை இது என்று இனியும் என்னால் நம்ப முடியவில்லை. அப்படியானால் எந்த இடத்தில் தவறுகிறோம்? இன்னொன்றையும் கேட்க வேண்டும். நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள். பார்வைக்கு மெலிவில்லை, ஆனால் உயரம் மூன்று வயதுப் பிள்ளையினுடையது. மெலிந்த பிள்ளைகளின் பிரச்சினையும் இவளுடைய பிரச்சினையும் ஒன்றுதானா?

பதில் 1: ஓய்வுபெற்ற குடும்பநல மாது, களுவாஞ்சிக்குடி

தங்கச்சி, நான் முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலையில் இருந்தவள். குருமண்வெளியிலிருந்து படகுப்பாதையில் மண்டூர் பக்கம் போகும்போது தொங்குதராசும் பதிவேடுகளும் என் பையில் இருக்கும். அந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்: நீங்கள் நாலு வயதில் காண்கிற நிறைக்குறைவு பெரும்பாலும் நாலு வயதில் தொடங்கியதல்ல. அந்த 9 பிள்ளைகளின் பதிவேட்டையும் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். ஆறாம் மாதம் வரை தாய்ப்பாலில் நிறைக் கோடு அழகாக ஏறியிருக்கும். ஏழாம், எட்டாம் மாதத்தில் படுத்துவிடும். பிள்ளை எந்த நிறத்தில் நிற்கிறது என்பதைவிட, கோடு எந்த மாதத்தில் படுத்தது என்பதே எனக்கு எப்போதும் முக்கியமாக இருந்தது.

அந்த மாதத்தில் என்ன நடக்கிறது? சோறு ஊட்டத் தொடங்குகிறார்கள், ஆனால் அது தண்ணீராக இருக்கிறது. குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு ஏந்துவது உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 30 கிராம். எட்டுக் கிலோப் பிள்ளைக்கு 240 கிராம், அவ்வளவுதான். அதைக் கஞ்சித் தண்ணீரால் நிரப்பினால் பிள்ளைக்கு வயிறு நிறையும், உடம்பு வளராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் சோற்றை மசித்து, அதிலே பருப்பு, கொஞ்சம் மீன், முருங்கையிலை, ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் சேர்க்க வேண்டும். எண்ணெய் ஒரு தேக்கரண்டி 40 கலோரிக்கு மேல் தரும். பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று எண்ணெயையும் மீனையும் விலக்குகிற வீடுகளை நான் எண்ணிக்கையில்லாமல் கண்டிருக்கிறேன்.

திரிபோஷாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1973 இல் தொடங்கிய திட்டம் அது. சோளமும் சோயாவும் சேர்த்து, விற்றமின்களும் கனியுப்புகளும் கலந்த மா. மாதத்துக்கு 750 கிராம் பக்கட் இரண்டு. முப்பது நாளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம், ஏறத்தாழ 200 கலோரி. ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலுக்கு மேலதிகமாக நாளுக்குச் சுமார் 550 கலோரி தேவை என்று வைத்தால், அதில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இந்த மா ஒன்றே கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பக்கட் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் போகிறது. மற்ற இருவரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பிள்ளைக்கு மட்டும் உருண்டை பிடித்துக் கொடுக்க எந்தத் தாயால் முடியும்? பத்து நாளில் மா தீர்ந்துவிடும். அதற்காக நான் ஒரு தாயையும் ஏசியதில்லை.

பதில் 2: வயற்காரன், திருக்கோவில்

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆயினும் ஆசிரியை கேட்ட கேள்வியின் பாதிக்குத்தான் அது பதில் என்று நினைக்கிறேன். வயல் இருக்கிறது, மீன் இருக்கிறது, தயிர் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவை எல்லாம் எங்கள் ஊரில் விளைகின்றன. எங்கள் வீட்டில் தங்குவதில்லை. அறுவடை முடிந்த கையோடு ஈரநெல் களத்திலிருந்தே லொறியில் ஏறுகிறது, ஏனென்றால் உழவு இயந்திர வாடகையும் உரக்கடனும் அந்த வாரமே கேட்கும். என் அம்மாவின் காலத்தில் வீட்டுக்கு வேண்டிய நெல்லை அவித்துக் காயவைத்து நெற்பட்டறையில் சேமித்து வைத்திருந்தோம். இன்று நெல்லை விற்ற அதே குடும்பம் மூன்று மாதத்தில் கடையில் தீட்டிய அரிசியைக் கிலோக் கணக்கில் வாங்குகிறது. முட்டையும் தயிரும் அப்படியே: கோழி வளர்க்கிற வீட்டில் முட்டை, காசு. ஐந்து முட்டை விற்றால் பருப்பு வாங்கலாம் என்று கணக்குப் போடுகிற தாய்க்கு, பிள்ளைக்கு நாளுக்கொரு முட்டை கொடுங்கள் என்று சொல்வது எளிது.

காலத்தையும் பார்க்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் மாரி மழை கொட்டும்; வேளாண்மை இன்னும் கதிர் வெளிவராத குடலைப் பருவத்தில் நிற்கும், கூலி வேலை இராது, கடலுக்கும் போக முடியாது. வீட்டில் கையிருப்பு தீர்வதும், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவதும் அதே மாதங்களில்தான். அந்த 9 பிள்ளைகளின் கோடு எந்த மாதங்களில் சரிந்தது என்று பாருங்கள். என் ஊகம் தவறாயிருந்தால் மகிழ்ச்சியடைவேன்.

2021 இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தபோது எங்கள் நெல் மட்டுமல்ல, சோளமும் விழுந்தது. திரிபோஷாவுக்கு முக்கிய மூலப்பொருள் சோளம்தான். அடுத்த வருடம் கிளினிக்கில் அது இல்லாமல் போனபோது வெளிக்கடையில் வாங்கிக் கொடுக்கவும் வழியிருக்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். ஆசிரியையிடம் இப்போது படிக்கிற பிள்ளைகள் அந்தக் காலத்திலோ அதை ஒட்டியோ வயிற்றில் இருந்தவர்கள், அல்லது கைக்குழந்தைகள். தாய்மாரை விசாரிக்கும்போது இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 3: சுகாதார வைத்திய அதிகாரி, அம்பாறை மாவட்டம்

ஆசிரியை அவர்களுக்கு, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டும் ஒன்றல்ல. உயரத்துக்கு ஏற்ற நிறை இல்லாமல் மெலிந்திருப்பது அண்மைக் காலத்து உணவுக்குறைவையோ நோயையோ காட்டும். கவனித்தால் சில வாரங்களில் மீட்கலாம். வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாதிருப்பது நீண்டகாலக் குறையின் அடையாளம். பெரும்பாலும் கருவிலிருந்து இரண்டு வயதுக்குள் அது நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. பிற்பாடு ஈடுசெய்வது கடினம். உங்கள் சிறுமிக்கு உணவை அள்ளிக் கொடுத்தால் நிறைதான் கூடும், உயரம் அதே வேகத்தில் கூடாது. தாய், தந்தையின் உயரம், பிறப்பு நிறை, அடிக்கடி வந்த நோய்கள் ஆகியவற்றோடு சேர்த்து அவளை ஒருமுறை பிள்ளை நல வைத்திய நிபுணரிடம் காட்டுவது நல்லது.

இலங்கையின் நிலையே இந்த விடயத்தில் சற்று விசித்திரமானது. இலவச மருத்துவமும், 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும் சிசு மரணத்தையும் தாய் மரணத்தையும் பெருமளவு குறைத்தன. ஆனால் 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 15 சதவீதமானோர் மெலிந்தும், 17 சதவீதமானோர் உயரம் குறைந்தும் காணப்பட்டனர். மெலிவு 15 சதவீதத்தை எட்டினால் உலக சுகாதார நிறுவனம் அதை மிக உயர்ந்த மட்டம் என்று வகைப்படுத்துகிறது. உயிரைக் காப்பதில் வென்ற நாம் வளர்ச்சியைக் காப்பதில் இன்னும் வெல்லவில்லை.

தாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வலியுறுத்தல். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே போனால் அது குருதிச்சோகை. இரும்புச்சத்துக் குளிசையைக் கொடுத்துவிட்டோம் என்று நாங்கள் பதிவேட்டில் குறிக்கிறோம். தாயோ அதைக் காலைத் தேநீரோடு விழுங்குகிறார். தேயிலையிலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பை உடல் எளிதில் ஏற்கவிடாது. தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கி, தேநீரை ஒரு மணித்தியாலமாவது தள்ளிவைத்தால் அதே குளிசை பலன் தரும். 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தை ஓட்டப்பந்தயத்தைப் பின்னாலிருந்து தொடங்குகிறது. அதன் தாயும் முன்பு அப்படிப் பிறந்தவராகவே பல வேளைகளில் இருக்கிறார்.

திருக்கோவில் நண்பர் வயிற்றோட்டத்தைக் குறிப்பிட்டதற்கு நன்றி. வெள்ளத்துக்குப் பின் கிணறு கலங்கிய ஊரில், எவ்வளவு ஊட்டினாலும் அடிக்கடி கழியும் குடலில் சத்து ஒட்டாது. ஜீவனி என்ற உப்பு-சீனிக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே உணவையும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். கழிச்சல் நிற்கும் வரை பட்டினி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மேற்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைவான பிள்ளை எவரேனும் இருந்தால், தயவுசெய்து அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

பதில் 4: வாகரையிலிருந்து

என் தங்கை மூன்று வருடமாக வெளிநாட்டில் வேலை செய்கிறாள். அவளுடைய மகனை எங்கள் அம்மா வளர்க்கிறார். பணம் வருகிறது, எனவே கடன் எங்கள் பிரச்சினையல்ல. பிள்ளை அழுதால் அம்மா பால்மாத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுப்பார், அவன் சோற்று வேளைக்குப் பசியில்லாமல் இருப்பான். தாயில்லாத பிள்ளையை அழவிடக் கூடாது என்ற பாசத்தில் செய்வது அது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு வேளை இனிப்பை நிறுத்தியபோது முதல் நான்கு நாட்கள் வீடு அமளியாக இருந்தது, பிறகு அவனாகவே பிட்டுக் கேட்டான். "தின்கிறானில்லை" என்று சொல்லும் தாய்மாரிடம், சோற்றுக்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் என்ன கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், மிஸ்.

கேள்வி கேட்டவர்: படுவான்கரை ஆசிரியை

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. பதிவேடுகளைப் புரட்டினேன். 9 பேரில் 6 பேரின் கோடு எட்டாம் மாதத்துக்குள் படுத்திருக்கிறது. ஏனையவற்றில் மாரி மாதங்களின் சரிவு தெளிவாகத் தெரிகிறது. தாய்மாரிடம் இம்முறை அறிவுரை எதுவும் சொல்லாமல், ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று மட்டும் கேட்டேன். களை பிடுங்கும் காலத்தில் அவர்கள் ஐந்து மணிக்கே வயலுக்குப் போகிறார்கள். காலையில் பிள்ளைக்கு ஊட்டுவது எட்டு வயது அக்கா. இதை இவ்வளவு காலமும் நான் கேட்டதேயில்லை.

பெற்றோர் கூட்டத்தில் பேசி, முன்பள்ளியிலேயே காலை ஒன்பது மணிக்கு ஒரு பானை வைப்பதென்று முடிவெடுத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசியும் முறைவைத்துப் பயறும் முருங்கையிலையும் தருவார்கள். தம்பி தங்கைகளுடன் வரும் தாய்மாருக்கும் ஒரு கிண்ணம் உண்டு. மீனைத் தினமும் வாங்க வசதியில்லை. நெத்தலித் தூள் சேர்க்கலாமா, கைக்குழந்தைகளுக்கும் அது பொருந்துமா என்று அக்கா சொல்ல வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற குடும்பநல மாது, களுவாஞ்சிக்குடி

சேர்க்கலாம் தங்கச்சி. ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஆனால் கடைக் கருவாட்டில் உப்பு அதிகம், அதை வாங்க வேண்டாம். கீரிமீனோ நெத்தலியோ மலிவாக வருகிற நாளில் பச்சையாக வாங்கி, தலையும் குடலும் நீக்கிக் கழுவி, உப்பில்லாமல் வலை மூடி நன்றாகக் காயவைத்து, வறுத்து முள்ளோடு இடித்து அரித்துக்கொள்ளுங்கள். முள்ளிலுள்ள கல்சியமும் வீணாகாது. கைக்குழந்தைக்கு முதலில் கால் தேக்கரண்டி கொடுத்து மூன்று நாள் பாருங்கள். மேலில் தடிப்பு வராவிட்டால் ஒரு தேக்கரண்டி வரை கூட்டலாம். ஈரமில்லாத போத்தலில் போட்டு, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்து வையுங்கள். மாரியில் அதற்கு மேல் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.