பறக்கும் பறவை மட்டும் மங்கலாக வருகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ் வைத்திருக்கிறேன். கிளையில் உட்கார்ந்திருக்கும் பறவை என்றால் இறகின் இழை வரை தெளிவாக வருகிறது, அதுவே பறக்க ஆரம்பித்ததும் எல்லாம் போச்சு. கொக்கும் பருந்தும்தான் அதிகம் எடுக்கிறேன். ஷட்டர் வேகம் 1/1000 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) 6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, தொடர் ஃபோகஸ், நடுவில் ஒரே ஒரு ஃபோகஸ் புள்ளி. ஷட்டர் வேகத்தை ஏற்றினால் ஐஎஸ்ஓ ஏறி நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிக் கரடு) கூடுகிறது, அதனால் தயக்கம். லென்ஸை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்:
வேண்டாம். உட்கார்ந்த பறவையில் இழை தெரிகிறது என்றால் லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போன படம் ஒன்றை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கண் தெளிவாக இருந்து இறக்கை நுனி மட்டும் கலைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறவை முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் நீங்கள் கேமராவைத் திருப்பிய வேகம் அதன் வேகத்தோடு ஒத்துப்போகவில்லை. பறவை மங்கி, பின்னால் இருக்கும் புல் பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் நழுவிவிட்டது. எது என்று சொல்லுங்கள், அதைத் தெரிந்துகொள்ளாமல் அமைப்பை மாற்றிக்கொண்டே போவதில் பயன் இல்லை.

கேட்டவர்:
பார்த்தேன், பெரும்பாலும் மூன்றாவதுதான். பின்னால் நாணல் தாள் ஒவ்வொன்றும் தெரிகிறது, கொக்கு மட்டும் மங்கல். பருந்து எடுக்கும்போது வேறு தொல்லை, லென்ஸ் முன்னும் பின்னும் ஓடுகிறது, அது நிற்பதற்குள் பருந்து ஃப்ரேமை விட்டுப் போய்விடுகிறது.

பதில்:
சரி, அப்படியானால் ஒற்றைப் புள்ளியை விடுங்கள். பறக்கும் பறவையின் மேல் அதை நிறுத்தி வைப்பது ரொம்பக் கடினம், கொஞ்சம் விலகினாலும் கேமரா நாணலைப் பிடித்துக்கொள்ளும். நாணல், மரம் பின்னால் இருந்தால் சிறு புள்ளிக் கூட்டம், வெறும் வானம் என்றால் அகலமான பகுதி. குறுக்கே வேறு பொருள் வந்தால் ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் தாவ வேண்டும் என்பதற்குப் பல கேமராக்களில் ஓர் அமைப்பு உண்டு, அதைத் தாமதமாகத் தாவும் பக்கம் வையுங்கள்.

லென்ஸ் ஓடுவதற்கு: பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் கிட்டத்தில் உள்ள தூரங்களை விலக்கிவிடுங்கள். பருந்து வருவதற்கு முன்பே ஏறக்குறைய அதே தூரத்தில் உள்ள மரத்தில் ஒருமுறை ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 600இல் வானத்தைத் துழாவினால் பறவை அகப்படாது, 300இல் பிடித்து அப்புறம் ஜூம் செய்யலாம்.

இன்னொருவர்:
நாய்ஸுக்குப் பயந்து வேகத்தைக் குறைக்காதீர்கள். நாய்ஸைப் பிறகு ஓரளவு குறைக்கலாம், கலைந்த இறக்கையைச் சேர்க்க முடியாது. வட்டமிடும் பருந்துக்கு 1/1000 போதும். இறக்கை அடிக்கும் கொக்குக்கு 1/1600, 1/2000. தகைவிலான் மாதிரி சின்னப் பறவைக்கு 1/3200 கூட வேண்டியிருக்கும். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, பிறகு கணினியில் வெளிச்சத்தைக் கூட்டும்போதுதான் நாய்ஸ் அசிங்கமாகத் தெரியும்.

ஐஎஸ்ஓ ஆட்டோவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கொக்கு நாணலைத் தாண்டி வானத்துக்கு ஏறும்போது அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை, பின்னணிதான் மாறுகிறது, ஆனால் கேமரா ஏமாந்து அளவை மாற்றிவிடும். வெயில் நிலையாக இருந்தால் ஐஎஸ்ஓவையும் சேர்த்து மேனுவலில் வையுங்கள், வெள்ளை இறகு வெளுத்துப் போகாத அளவுக்கு. பருந்துக்கு வானம் பின்னால் என்றால் ஒரு ஸ்டாப் (அதாவது வெளிச்சத்தை இரு மடங்கு) கூட்டினால் அடிவயிற்றுக் கோடுகள் தெரியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. கிளம்பும் தருணத்தைப் பிடிக்க என்ன வழி? பெரும்பாலும் முதுகுதான் கிடைக்கிறது.

பதில்:
காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள், சூரியனும் பின்னால் இருந்தால் இன்னும் நல்லது. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், இறங்கும், அதனால் முகம் உங்கள் பக்கம் இருக்கும். உடலைத் தாழ்த்தி முன்னால் சாய்ந்தாலோ எச்சமிட்டாலோ விரல் ஷட்டரில் இருக்கட்டும். படத்துக்காகக் கை தட்டிக் கிளப்பிவிட மட்டும் வேண்டாம், பயந்து ஓடும் பறவையின் முதுகைத்தான் எடுப்பீர்கள், அதற்கும் இரை தேடும் நேரம் வீணாகும்.