மலைச்சிங்கத் தடம் கண்ட பாதையில் குழந்தையுடன் நடப்பது பற்றி உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் குபெர்டினோவை ஒட்டிய ராஞ்சோ சான் அன்டோனியோ மலைப்பாதைகளில் குடும்பத்துடன் நடப்பது எங்கள் வழக்கம். சென்ற வாரம் மழை ஓய்ந்தபின் ஓடையோரச் சேற்றில் ஒரு காலடித் தடத்தைக் கண்டோம்: உள்ளங்கை அகலம், நான்கு விரல்கள், நகம் பதிந்த அடையாளமே இல்லை, பாதத்தின் பின்விளிம்பு மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. நாயின் தடத்தில் பெரும்பாலும் நகம் பதியும் என்பதால், இது மலைச்சிங்கத்தின் (பூமா எனப்படும் பெரிய பூனையின விலங்கு) தடமாகவே இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இதே பூங்காவில் 2020 பிப்ரவரியில் ஆறு வயதுச் சிறுமி மலைச்சிங்கத்தால் தாக்கப்பட்டாள். உடனிருந்த பெரியவர் விலங்கைத் தள்ளிவிட்டதால் தப்பினாள். இத்தகைய தாக்குதல் மிக அரிது என்பதை அறிவேன்; அது வாழும் இடத்திற்கு நாம்தான் செல்கிறோம் என்பதால் அதன்மீது எனக்குப் பகையும் இல்லை.

எதிர்ப்பட்டால் ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, கைகளை உயர்த்தி உரக்கக் குரல் கொடுக்க வேண்டும், குழந்தையைக் குனியாமல் தூக்கிக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். நான்கு வயது மகனைக் குனியாமல், பார்வையையும் விலக்காமல் தூக்குவது எப்படி? நேரில் எதிர்கொண்டவர்கள், அது எவ்வளவு தொலைவில் நின்றது, நீங்கள் என்ன செய்தபோது விலகியது என்பதை விரிவாக எழுதுமாறு வேண்டுகிறேன். தடத்தைப் பற்றி யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று சொன்னால், எடுத்த படங்களுடன் உடனே அனுப்பிவிடுவேன்.