புதுப்பிப்பு: புற்றுக்காளானில் மண் போய்விட்டது

போன வாரம் புலம்பியிருந்தேன்: புற்றுக்காளானை அரை மணி நேரம் ஊறப்போட்டுக் கழுவியும் குழம்பில் மண் நறநறவென்று கடிபட்டது. நேற்று மழைக்கு அப்புறம் மறுபடி கிடைத்தது. இந்த முறை அத்தை கூடவே உட்கார்ந்தார்.

தப்பே ஊறவைத்ததுதான். காளான் தண்ணீரைக் குடித்துக் கொழகொழத்துவிடுகிறது. தண்டில் இருந்த மண் கரைந்து குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இந்தக் காளானின் தண்டு மண்ணுக்குள் கறையான் கூடு வரைக்கும் வேர் மாதிரி இறங்கும். முக்கால்வாசி மண் அந்த வாலில்தான். அத்தை தண்ணீர்ப் பக்கமே போகாமல் முதலில் அதை அரிந்து எறிந்தார். மிச்சத் தண்டைக் கத்தியால் சுரண்டி, குடையின் உச்சியில் மூக்கு மாதிரி நீட்டியிருக்கும் முனையை ஈரத்துணியால் துடைத்தார். நன்றாக விரிந்தவற்றைக் கிழித்துப் பார்த்து, புழு இருந்ததை ஒதுக்கினார். (நான் போன தடவை பார்க்கவே இல்லை. நினைக்க வேண்டாம்.) கடைசியில் மஞ்சள் தண்ணீரில் இரண்டே அலசல், உடனே வடித்துவிட்டார்.

காளானோடு சேர்த்த மஞ்சள் கறுத்தால் அது விஷக்காளானா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதை நம்பாதீர்கள். கூடவே போட்ட பூண்டோ வெள்ளிக் கரண்டியோ கறுத்தால் விஷம் என்கிற சோதனையும் அப்படித்தான். கொடிய நஞ்சு சில, கொதித்தாலும் போகாது. அத்தைக்குச் சந்தேகம் வந்த இரண்டு காளான் நேராகக் குப்பைக்குப் போயின.

குழம்பு? சட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.