சைக்ளோஸ்போரினால் ஈறு வளர்ந்தால்: சிகிச்சை அளிப்பவர்களின் அனுபவப் பகிர்வு

பல் மருத்துவர், ஈறு சிகிச்சைப் பிரிவு

சிறுநீரக மாற்று முடிந்து வருகிறவர்கள் பலர் "பல்லெல்லாம் குட்டையாயிடுச்சு டாக்டர்" என்பார்கள். பல் அப்படியேதான் இருக்கும், ஈறுதான் அதன்மேல் ஏறியிருக்கும். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதத்துக்குள்ளேயே இது தலைகாட்டலாம். முன்பற்களின் உதட்டுப் பக்கம், இரண்டு பல்லுக்கு நடுவில் உள்ள முக்கோண ஈறு முதலில் உப்பும். சிவந்து மெத்தென்று இருக்கும், தொட்டால் ரத்தம் கசியும். பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வருகிறது, சிறுவர்களுக்கு இன்னும் அதிகம். பல் இல்லாத இடத்தில் பெரும்பாலும் வருவதில்லை.

ஈறில் கொலாஜன் என்கிற புரத நார் உருவாவதும் பழையது கரைவதும் ஓயாமல் நடக்கிற வேலை. மருந்து அந்தக் கரைப்பைக் குறைத்துவிடுகிறது. பல்லில் அழுக்குப் படலமும் சேர்ந்தால் அழற்சி கூடி ஈறு இன்னும் வளரும். வளர்ந்த ஈறுக்கு அடியில் பிரஷ் போகாது, படலம் மேலும் தங்கும். மருந்தை நம்மால் தொட முடியாத நாட்களிலும் இந்தப் படலத்தை எடுக்க முடியும். சிகிச்சையை அங்கேதான் தொடங்க வேண்டும்.

மருந்தாளுநர், சிறுநீரகப் பிரிவு

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை என்று கேளுங்கள். நிஃபெடிபின், ஆம்லோடிபின் வகை மாத்திரைகளும் ஈறை வளர்க்கும், சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் இன்னும் மோசம். வேறு வகைக்கு மாற்ற முடியுமா என்பதைச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார். பல சமயம் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதே இல்லை.

ஈறைப் பார்த்துப் பயந்து சைக்ளோஸ்போரினைத் தாமாக நிறுத்துவதுதான் மிகப் பெரிய ஆபத்து. மாற்றுச் சிறுநீரகத்தையே உடல் நிராகரித்துவிடும். அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸ் மருந்துக்கு மாற்றினால் சில மாதங்களில் ஈறு இறங்குவது உண்டு. ஆனால் அதற்கும் கை நடுக்கம், சர்க்கரை ஏறுவது என்று தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடவே கூடாது.

பல் வலிக்குக் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐப்யூப்ரோஃபென் வாங்காதீர்கள், சிறுநீரகத்துக்குக் கேடு. கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் என்கிற நுண்ணுயிர்க்கொல்லிகள், பூஞ்சை மருந்தான ஃபுளூகோனசோல் மூன்றும் ரத்தத்தில் சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றிவிடும். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் நேர்மாறாக இறக்கும். பம்பளிமாஸ் பழமும் வேண்டாம். காலை டோஸுக்கு முந்தைய அளவு பார்க்க ரத்தம் கொடுப்பதானால் மாத்திரையைக் கையிலேயே கொண்டுவந்து, ஊசி குத்தி முடிந்த பிறகு போடுங்கள். முன்னாலேயே போட்டுவிட்டால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும், டோஸைத் தேவையில்லாமல் குறைக்க நேரும்.

வாய் சுகாதாரப் பணியாளர்

ரத்தம் வருகிறதே என்று தேய்ப்பதை நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தினால் ரத்தம் கூடவே செய்யும். மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, இரண்டு பல்லுக்கு ஒருமுறை குட்டியாக அசையுங்கள். இடுக்குக்குத் தனிப் பிரஷ் வேண்டும். கம்பி உரசாமல் முடி மட்டும் இருபுறமும் தொடுகிற அளவில் எடுங்கள், அழுத்தித் திணிக்காதீர்கள். ஈறு இறங்க இறங்க இடுக்கு அகலும், அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வாய் கொப்பளிக்கும் மருந்து குளோர்ஹெக்சிடின் 0.2% என்றால் 10 மி.லி., ஒரு நிமிடம், நாளுக்கு இருமுறை. பேஸ்ட் வைத்துத் தேய்த்த உடனே கொப்பளித்தால் பேஸ்டில் உள்ள நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும், அரை மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். காபி, டீ பழக்கம் இருந்தால் பல்லில் பழுப்புக் கறை சீக்கிரம் படியும். மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் போதும்.

பல் மருத்துவர், ஈறு சிகிச்சைப் பிரிவு

ஸ்கேலிங்கோடு (பல்லில் படிந்த காறையைச் சுரண்டி எடுப்பது) அசித்ரோமைசின் என்கிற நுண்ணுயிர்க்கொல்லியைக் குறுகிய காலம் கொடுத்தால் சிலருக்கு ஈறு நன்றாகச் சுருங்குகிறது. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் குடும்பத்தைச் சேர்ந்ததே என்றாலும், அவற்றைப் போல இது சைக்ளோஸ்போரின் அளவை அதிகம் மாற்றுவதில்லை. இருந்தாலும் சிறுநீரக மருத்துவரிடம் கேட்காமல் எழுதுவதில்லை, இதய நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வெட்டி எடுப்பது கடைசிப் படி. எலும்பு தேயாமல் ஈறு மட்டும் வளர்ந்திருந்தால் நேராகச் செதுக்கி எடுக்கலாம். எலும்பும் தேய்ந்திருந்தால் ஈறைத் திறந்து உள்ளே சுத்தம் செய்து தைக்க வேண்டும். அன்று ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லையென்றால் கத்தியை எடுக்கக் கூடாது, ரத்தம் நிற்காது. மாற்று முடிந்த முதல் சில மாதங்களில் அவசரமில்லாத எந்தப் பல் வேலையையும் தள்ளிவைப்பதே நல்லது. வெட்டிய பிறகும் அதே மருந்து, அதே அழுக்கு என்றால் மறுபடி வளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்வது அதனால்தான்.

வெட்டிய துண்டைக் குப்பையில் போடாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவது அவசியம். ஒரு பக்கம் மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, நடுவில் புண் வந்தாலோ, ஊதா நிறம் தெரிந்தாலோ அறுவைக்குக் காத்திருக்காமல் உடனே துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தில் இருப்பவர்களுக்கு ஈறில் புற்றுநோயும் லிம்போமாவும் (நிணநீர்த் திசுவின் புற்றுநோய்) இப்படி வரலாம்.